குடிநீர்க் குழாய்களில் காவற்கருவியை எங்கே வைப்பது?

(நம் காலனித் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நீர்க்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

இசையரங்கிற்கும் நாடகத்திற்கும் இடையே குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்திருக்கிறார்கள். ஒப்பனையோடு காத்து நிற்கும் சிறுவர்களின் முகத்தைக் காணும்பொழுது எங்களுக்கே இரக்கமாக இருக்கிறது. எனினும், அடுத்த திங்கள் கூடவிருக்கும் பொதுக்குழுவில் நாம் அனைவரும் கையுயர்த்தி முடிவு செய்ய வேண்டிய செய்தி இது. ஆதலின் சிறிது பொறுத்தருளுமாறு வேண்டுகிறோம்.

நலநிதியில் சேர்ந்துள்ள தொகையைக் கொண்டு, நீரின் தன்மையை இடைவிடாது அளந்து சொல்லும் கருவிகள் மூன்று வாங்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. 'சென்சார்' என்று கடைக்காரர் கூறும் இதனை நாம் உணர்கருவி என்று வழங்குவோம். வாங்குவது பற்றி எவர்க்கும் ஐயம் இல்லை. எங்கே நிறுத்துவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபடுகிறது. நுழைவாயிலில் வைக்க வேண்டும் என்பர் சிலர். அலுவலக அறைச் சுவரில் வைத்தால் மின்னிணைப்பும் உண்டு, வருவோர் போவோர்க்குக் காட்டவும் வசதி என்பர் வேறு சிலர். பின்வரிசை வீட்டுத் தாய்மார்களோ, 2024ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தங்கள் பிள்ளைகள் மஞ்சட்காமாலையில் கிடந்ததை நினைவூட்டி, "எங்கள் வாசலில் வையுங்கள்" என்கிறார்கள். இவற்றுள் எதற்கு எவ்வளவு நியாயம் உண்டு என்பதையே இன்று ஆராய்கிறோம்.

இந்தக் கருவி நோய்க் கிருமியை நேரே காண்பதன்று. பெரும்பாலும் அது அளப்பது நீரில் எஞ்சி நிற்கும் குளோரின், கலங்கல், உப்புத்தன்மை, அமில காரநிலை ஆகியவற்றையே. சாக்கடை நீர் குழாயினுள் புகுந்தால் அதிலுள்ள அம்மோனியாவும் அழுகற் பொருள்களும் குளோரினை விழுங்கிவிடும். நேற்றுவரை நின்ற குளோரின் இன்று திடீரென இல்லை என்றால், ஏதோ ஒன்று அதைத் தின்றிருக்கிறது என்பது பொருள். காவற்காரன் கள்வனைக் காணவில்லை. விளக்கு அணைந்ததைக் காண்கிறான். அவ்வளவே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 10500 எண்ணுள்ள குடிநீர்த் தரம் 2012இல் திருத்தப்பெற்றது. நுகர்வோர் வீட்டு முனையில் ஒரு லிட்டர் நீரில் 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்றும், நச்சுயிரிகளிடமிருந்து காப்பு வேண்டுமிடத்து 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. 'வீட்டு முனையில்' என்னும் சொற்களைத் தாய்மார்கள் மறவாதிருக்க வேண்டும். நீரேற்று நிலையத்தில் அளந்து எழுதிய கணக்கு வேறு, அடுக்களைக் குழாயின் கணக்கு வேறு.

தலைநகரில் வாழும் நமக்கு இதன் அருமையை உணர்த்த அயல்நாட்டு வரலாறு வேண்டுவதில்லை. 1955ஆம் ஆண்டு நவம்பரில் யமுனையின் ஓட்டம் இடம் மாறியது. நஜப்கர் நாலாவின் கழிவுநீர் பின்வாங்கி, வசீராபாத்தில் நகருக்கு நீர் எடுக்கும் வாயிலை எட்டிவிட்டது. பொறியாளர்கள் அதனை அறியாமல் இருக்கவில்லை. குளோரினையும் படிகாரத்தையும் மிகுதியாகச் சேர்த்தார்கள். அதனால் குடற்காய்ச்சல், பேதி போன்ற நோய்கள் பெருகவில்லை. ஆயினும் அதற்குத் தப்பிய நச்சுயிரி ஒன்று குழாய்வழியே ஊரெங்கும் சென்றது. டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் ஏறத்தாழ 29,300 பேர் மஞ்சட்காமாலையுற்றனர். கருவுற்ற பெண்கள் பட்ட துன்பம் மிகப் பெரிது. அந்நச்சுயிரி அக்காலத்தில் எண்ணியதுபோல் 'ஏ' வகையைச் சேர்ந்தது அன்று என்பது, பாதுகாத்து வைத்திருந்த குருதியை 1980இல் ஆய்ந்தபொழுது தெரிந்தது. இன்று அதனை 'இ' வகைக் கல்லீரல் அழற்சி என்று வழங்குகிறோம்.

இங்கே கருதத்தக்கது இடையிலுள்ள காலம். நீர் கெட்டது நவம்பரில். நோய் வெளிப்பட்டது ஏறத்தாழ ஐந்தாறு வாரங்கள் கழித்து. மருத்துவமனைக் கணக்கைப் பார்த்து நீர் கெட்டதை அறியலாம் என்று இருப்பவன், வெள்ளம் வடிந்த பின் அணை கட்டுகிறான். ஆதலால் நீரிலேயே காவல் வேண்டும்.

சரி, தலைவாயிலில் ஒரு கருவி வைத்துவிட்டால் போதாதோ? போதும் இடங்களும் உண்டு. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் வாக்கர்ட்டன் என்றொரு சிற்றூர். மக்கள் தொகை ஐயாயிரம் அளவே. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருமழை பெய்து, மாட்டுச்சாணம் கரைந்த நீர் ஊர்க் கிணறுகளில் ஒன்றனுள் இறங்கியது. ஏழு பேர் இறந்தனர்; 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். விசாரணை நடத்திய நீதிபதி டென்னிஸ் ஓ'கானர், குளோரினையும் கலங்கலையும் இடைவிடாது அளக்கும் கருவிகள் அக்கிணற்றில் இருந்திருப்பின் இத்துயரைத் தடுத்திருக்கலாம் என்று கண்டார். கேடு தலைவாயிலில் புகுந்தது. காவலும் அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

நம் நாட்டு நகரங்களில் கேடு தலைவாயிலில் மட்டும் புகுவதில்லை. கர்நாடகத்து ஹூப்ளி-தார்வாட் இரட்டை நகரத்தில் சில வட்டங்களுக்கு இரவும் பகலும் நீர் வரும். பிற வட்டங்களுக்கு இடைவிட்டு வரும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமிலி கும்பெல், காரா நெல்சன் என்னும் அம்மையார் இருவர் அங்கு ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். இடைவிடாது நீர் வரும் வீட்டுக் குழாய்களில் எடுத்த மாதிரிகளுள் 0.7 விழுக்காட்டில் மட்டுமே ஈ. கோலை என்னும் மலக்கிருமி காணப்பட்டது. இடைவிட்டு வரும் குழாய்களிலோ 31.7 விழுக்காடு! காரணம் நாம் அறியாததன்று. நீர் நின்றவுடன் குழாயில் அழுத்தம் விழுகிறது. அருகே அதே பள்ளத்தில் படுத்திருக்கும் சாக்கடையின் கசிவு, விரிசல் வழியே உட்புகுகிறது. மறுநாள் நீர் திறந்ததும் முதற்கால் மணி நேரம் அந்த அழுக்கே முன்னே வருகிறது. அமெரிக்கர்கள் 2001ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பிறகு, பகைவன் எவனேனும் குழாயில் நஞ்சு கலப்பானோ என்று அஞ்சியே இந்தக் கருவிகளை வைக்கும் கலையைப் பெரிதும் வளர்த்தார்கள். நமக்குப் பகைவன் வேண்டுவதில்லை. ஒரு விரிசலும் ஒரு மழையும் போதும்.

தஞ்சைத் தரணியிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் நிற்பவன் ஆற்றில் வரும் நீரை அறிவான். நடுவில் எவன் வரப்பை வெட்டினான் என்பதை அறியான். கடைமடையில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவனுக்குத் தெரிய வரும்பொழுது மேலே உள்ள வயல்களெல்லாம் பாய்ந்து முடிந்திருக்கும். குடிநீர்க் குழாயும் அத்தன்மையதே. பெருங்குழாயில் நீர் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் சென்றால், 5 கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். கடைமடைக் கருவி மணியடிக்கும்பொழுது, மேல்வீடுகளில் காலைக் காப்பி முடிந்து குழந்தைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள்.

வாய்க்காலில் இல்லாத சிக்கல் ஒன்றும் குழாயில் உண்டு. வாய்க்கால் நீர் என்றும் ஒரே திசையில் ஓடும். வளையமாகப் பின்னிய குழாய்களிலோ காலையில் கிழக்கு நோக்கி ஓடிய நீர் இரவில் மேற்கு நோக்கி ஓடுவதுண்டு. மேல்நிலைத் தொட்டி நிரம்பும்பொழுது நீரை வாங்கும். வடியும்பொழுது அதே குழாய் வழியே திருப்பிக் கொடுக்கும். அப்பொழுது தலைமடை எது, கடைமடை எது? மணிக்கு மணி மாறும். இதனைக் கையால் கணக்கிடுதல் அரிது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு அமைப்பில் லூயிஸ் ராஸ்மன் என்பவர் ஆக்கிய 'எப்பாநெட்' என்னும் கணினி நிரல் 1993 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஊரின் குழாய்ப்படத்தை எழுதிவிட்டு, இந்தச் சந்தியில் இந்த மணிக்கு மாசு புகுந்தால் எந்த வீட்டை எப்பொழுது எட்டும் என்று ஆயிரக்கணக்கான கற்பனைக் கேடுகளை ஓட்டிப் பார்க்கலாம். எந்தச் சந்தியில் கருவி இருந்தால் அவற்றுள் எத்தனையைப் பிடிக்கும் என்பது அதன் பின்னரே தெரியும்.

இத்துறையில் வல்ல பலர் 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் கூடி ஒரு போட்டி நடத்தினர். 'நீர் உணர்கருவி வலைகளின் போர்' என்று அதற்குப் பெயர். இரண்டு ஊர்களின் குழாய்ப்படங்கள் கொடுக்கப்பட்டன; ஒன்று 129 சந்திகள் உள்ளது, மற்றொன்று 12,500 சந்திகளுக்கு மேற்பட்டது. ஐந்து கருவிகளை எங்கே வைப்பீர், இருபதை எங்கே வைப்பீர் என்பது வினா. 129 சந்திகளில் ஐந்தைத் தெரிந்தெடுக்க 27 கோடிக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன. அவை அனைத்தையும் ஒன்றொன்றாய்ச் சோதிப்பது வீண் உழைப்பு. ஆகவே பலரும் வேறு வழிகளை நாடினர். அவற்றுள் எங்களுக்குப் பிடித்தது மிக எளியது: முதலில் மிகுந்த பயன் தரும் ஒரே ஒரு சந்தியைத் தேர்க, அது அங்கே இருக்கிறது என்று கொண்டு, அது பிடிக்காதவற்றுள் மிகுதியானவற்றைப் பிடிக்கும் இரண்டாவதைத் தேர்க, பின் மூன்றாவது. சேர்க்கச் சேர்க்க ஒவ்வொரு கருவியின் கூடுதல் பயன் குறைந்துகொண்டே வரும் இயல்புடைய இத்தகைய தேர்வுகளில், இவ்வெளிய வழி எல்லாவற்றினும் சிறந்த விடையின் 63 விழுக்காட்டிற்குக் குறையாது தரும் என்று நெம்ஹவுசர், ஓல்சி, ஃபிஷர் என்னும் மூவர் 1978இலேயே மெய்ப்பித்திருந்தனர். முதல் கருவி தங்கக் காப்பு, பத்தாவது பித்தளை வளையல் என்று நம் வீட்டுப் பாட்டிமார் இதைச் சுருங்கச் சொல்லிவிடுவார்கள்.

போட்டியில் வென்றவர் யார்? ஒருவரே வென்றார் என்று சொல்ல இயலவில்லை. அதுதான் நாம் கருத வேண்டிய செய்தி. விடைகளை நான்கு அளவுகோல்களால் அளந்தனர். எவ்வளவு விரைவில் கேடு தெரிந்தது என்பது ஒன்று. தெரிவதற்குமுன் எத்தனை பேர் தீங்குற்றனர், எவ்வளவு கெட்ட நீர் செலவாயிற்று என்பன அடுத்த இரண்டு. மொத்தக் கேடுகளில் எத்தனை விழுக்காடு பிடிபட்டது என்பது நான்காவது. ஒன்றில் முந்தியவர் வேறொன்றில் பிந்தினார். மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில் கருவிகளைக் குவித்தால் தீங்குறுவோர் தொகை குறைகிறது. ஆனால் ஊர் ஓரத்துச் சிறு தெருக்களின் கேடு எவர் கண்ணிலும் படாமல் போகிறது. எல்லாத் தெருவையும் காக்க முனைந்தால் அறிதல் காலம் நீள்கிறது. இந்த நான்கில் எது பெரிது என்பதற்குக் கணினி விடை கூறாது. பத்து வீட்டுக்கு நேரும் பெருந்துன்பமா, நூறு வீட்டுக்கு நேரும் சிறுதுன்பமா என்பது கணக்கன்று. ஊர் கூடி முடிவு செய்யும் வழக்கு. பொறியாளர் தம் அறையில் தனியே முடித்துவிடத் தக்கதன்று என்பதனாலேயே இதனை உங்கள் முன் கொணர்ந்தோம்.

இனி நம் காலனிக்கு வருவோம். நகராட்சி நீர் நுழைவாயில் அருகே உள்ள நிலத்தடித் தொட்டியில், நாம் 'ஸம்ப்' என்று சொல்வதில், காலை மாலை விழுகிறது. அங்கிருந்து மோட்டார் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. நான்கு பிளாக்குகளுக்கும் அத்தொட்டி நீரே நாள் முழுதும் செல்கிறது. பின்வரிசை மட்டும் தனி; நாலாவின் கரையை ஒட்டி வரும் தெருக் குழாயிலிருந்து காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி நேராகப் பெறுகிறது. காலனி கட்டிய காலத்தில் நேர்ந்த ஏற்பாடு அது.

நுழைவாயிலில் நீர் விழும் குழாயிலேயே முதற்கருவி இருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவிலேயே ஒருவர் கருத்து. காரணம் நல்லதே. ஆனால் அக்குழாய் நாளில் இருபது மணி நேரத்திற்கு மேல் வறண்டு கிடக்கும். குளோரின் கருவிகளுட் பல, ஈரம் உலர்ந்தால் கெட்டுவிடும்; சீரான ஓட்டம் இல்லையேல் பொய் சொல்லும். நாளும் இருமுறை பொய் மணி அடித்தால், மூன்றாம் வாரம் காவற்காரர் அதன் வயரைப் பிடுங்கிவிடுவார். அவர்மேல் பிழையில்லை. மேல்நிலைத் தொட்டியின் வாயிலில் வைத்தால் என்றும் ஈரம் உண்டு. ஆயினும் கெட்ட நீர் தொட்டி நீரோடு கலந்து மெலிந்தபின் தெரிவதால், மணி பிந்தி அடிக்கும். அடித்தாலும் தொட்டி முழுவதும் கெட்டிருக்கும். ஆகவே இரண்டிற்கும் நடுவே, ஸம்பிலிருந்து மோட்டார் நீரை உறிஞ்சும் குழாயில் வைப்பது நன்று என்று முடிவுக்கு வந்தோம். அங்கு நீர் வற்றுவதில்லை. மணி அடித்தால் மோட்டாரை நிறுத்திவிடலாம். மேலே தொட்டியில் இருக்கும் நல்ல நீர் அரைநாள் தாங்கும். அதற்குள் ஸம்பைக் காலி செய்து கழுவலாம். கருவிக்குப் பின்னால் மூடத்தக்க ஏதேனும் ஒன்று இருந்தால்தான் அதன் மணிக்குப் பொருள் உண்டு. அலுவலகச் சுவரில் வைப்பதை எதிர்ப்பதும் இதனாலேயே. அக்குழாய் ஒரு கைகழுவும் தொட்டியைத் தவிர வேறெதையும் காப்பதில்லை.

இரண்டாவது கருவியை நான்காம் பிளாக்கின் கோடியில் வைக்கலாம். தொட்டி நீர் மிக மெல்ல வந்து சேரும் இடம் அது. குளோரின் வழியிலேயே தேய்ந்து மறைகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

மூன்றாவதைப் பற்றி எங்கள் கருத்தைக் கேட்டால் பின்வரிசைத் தாய்மார்கள் முதலில் வருந்தக்கூடும். அதனை வாங்கவே வேண்டாம் என்கிறோம். அங்கே கேடு புகும் வேளை நீர் திறந்த முதற்கால் மணி. அந்த வேளையில், அதற்குமுன் பத்து மணி நேரம் வறண்டு கிடந்த விலையுயர்ந்த கருவி நம்பத்தக்கதன்று. அதே தொகையில் சிறு பகுதியைக் கொண்டு குளோரோஸ்கோப் என்னும் கைப்பெட்டிகள் சிலவும், ஆண்டுக்கு வேண்டிய மாத்திரைகளும் வாங்கிவிடலாம். குழாய் நீரைச் சிறு கண்ணாடிக் குழலில் பிடித்து மாத்திரை ஒன்றைப் போட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நிறம் தோன்றாவிடின் குளோரின் இல்லை. பள்ளிச் சிறுமியும் செய்யலாம். வரிசையின் இரு முனையிலும் நடுவிலுமாக மூன்று வீடுகள், வாரம் மூன்று நாள், மழைக்காலத்தில் நாள்தோறும், நீர் திறந்த ஐந்தாம் நிமிடத்திலும் இருபதாம் நிமிடத்திலும் பார்த்து எழுத வேண்டும். நிறம் தோன்றாத காலையில் அவ்வரிசை முழுவதும் அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து பின்வரிசைக்கு ஒரு பொதுக்குழாய் நீட்டி அந்நாளில் திறந்துவிட வேண்டும். மீதித் தொகை அக்குழாய்க்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறோம். பின்வரிசையில் இருப்பவை பதினான்கே வீடுகள், அவற்றுக்கு இத்தனை செலவா என்று நேற்றுக் கூட ஓர் அன்பர் வினவினார். பிற பிளாக்குகளுக்கு இரண்டு கருவிகளும் ஒரு தொட்டியும் நடுவில் நின்று காக்கின்றன. இப்பதினான்கு வீட்டுக்கும் நாலாவுக்கும் நடுவே இருப்பது ஒரு பழைய இரும்புக் குழாய் மட்டுமே. அளவுகோல் எது என்று மேலே கேட்டோமல்லவா, எங்கள் வாக்கு இதற்கே. மாற்றுக் கருத்துடையோர் பொதுக்குழுவில் தாராளமாக எழுந்து பேசலாம்.

மணி அடித்தால் மோட்டாரை நிறுத்துவது யார் என்பதும் அன்றே முடிவாக வேண்டும். இரவில் ஒருவர், பகலில் ஒருவர், அவர்கள் ஊருக்குப் போனால் மாற்றாள் ஒருவர் என்று பெயர் எழுதி ஸம்ப் அறைக் கதவில் ஒட்டுவோம். கருவியைத் திங்கள்தோறும் சரிபார்க்க ஆகும் செலவையும் வரவுசெலவில் இப்பொழுதே சேர்க்க வேண்டும். விற்பவர்கள் அதை வாய்திறந்து சொல்வதில்லை.

மண்டபத்தின் பின்சுவரில் நம் காலனியின் குழாய்ப்படம் ஒன்று தொங்குகிறது. பிளம்பர் ஒருவரின் நினைவிலிருந்தும், தோண்டியபொழுது கண்டவற்றிலிருந்தும் வரைந்தது. நகராட்சிப் படத்தோடு இரண்டு இடங்களில் ஒத்துவரவில்லை. நாடகம் முடிந்து உணவுக்குச் செல்லுமுன், ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டுக் குறியின்மேல் நீர் வரும் நேரத்தையும், முதல் வாளி நீர் தெளிவா கலங்கலா என்பதையும் பென்சிலால் எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். பென்சில் படத்தின் கீழே நூலில் கட்டியிருக்கிறது.